ஏலக்காரியின் முதல் மசோதா

என் குரலில் மாடு விற்றிருக்கிறது, டிராக்டர் விற்றிருக்கிறது, ஒரு பாதிரியார் செத்த பிறகு அவருடைய கட்டில்கூட விற்றிருக்கிறது. இருபத்தாறு வருஷம் நோர்பி மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவள் நான். பெயர் ஆர்லிஸ் பெர்க். அப்பாவும் ஏலக்காரர்தான், ஆனால் அவர் மூச்சு வாங்க நிறுத்துவார். நான் நிறுத்த மாட்டேன். கனடா எல்லையை ஒட்டிய எங்கள் மாநிலத்தில் நாலு மாவட்டத்துக்காரர்கள் என் சந்தைக்கு லாரியில் மாடு ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்றால் சும்மா இல்லை. இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தேர்தலில் நின்றவளிடம் போய் அடக்கத்தைத் தேடினால் நான் என்ன செய்ய?

ஏலக்காரிக்கு வாய் பாதிதான், மீதி கண். எங்கள் பக்கத்து விவசாயிகள் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டார்கள். ஒருவன் புருவத்தைத் தூக்குவான். ஒருவன் பல்குத்தும் குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றுவான். வெர்லின் ஸ்கார் தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவார், அவ்வளவுதான். இதையெல்லாம் அடுத்தவன் பார்க்காமல் நான் மட்டும் பார்க்க வேண்டும். ஒரு தடவை வெளியூர்க்காரன் ஒருவன் எதிர்வரிசையில் இருந்த பெண்டாட்டிக்குக் கை ஆட்டினான். மூணு தரம் சொல்லி ஒரு காளையை அவன் தலையில் கட்டினேன். "நான் விளையாட்டுக்குக் கையைத் தூக்கினேங்க" என்று கெஞ்சினான். "கை நிஜக் கைதானேய்யா?" என்றேன். அந்தக் காளை மூன்று வருஷம் அவன் வீட்டில் நன்றாகவே இருந்தது என்று கேள்வி.

இந்தத் தொழிலில் ஒரு திருட்டு உண்டு. அதற்கு அவசரச் சுத்தியல் என்று பெயர். ஏலம் விடுகிறவனின் மச்சானோ கூட்டாளியோ குறைந்த விலை கேட்டிருப்பான். அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள், ஒரு தரமும் இரண்டு தரமும் சொல்லாமல், நேராகச் சுத்தியலைப் போட்டுவிடுவான். நான் அதைச் செய்ததில்லை. ஆனால் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுத்தியல் போடுகிறவனுக்குக் கை அசைவதற்கு முன் தோள் எழும்பும். முகம் எதுவும் காட்டாது, தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் எதற்குத் தேர்தலில் நின்றேன் என்று கேட்டால், ரயிலுக்காக. நோர்பியை ரயில் பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆஸ்பத்திரியும் ஆம்புலன்ஸும் வடக்குப் பக்கம். சந்தையும் பாதி ஊரும் தெற்குப் பக்கம். முன்பெல்லாம் ரயில் வரும், போகும். இப்போது வருகிற சரக்கு ரயிலுக்குத் தலை ஒரு ஊரில், வால் இன்னொரு ஊரில். நடுவில் எங்கள் கிராசிங்கில் வயிற்றை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றுவிடும். கேட்க நாதியில்லை.

வெர்லினின் மனைவி மார்வா சமையலறையில் விழுந்த அன்று அப்படித்தான் நின்றது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் அந்தப் பக்கத்துக்கு. பெட்டிகளுக்கு நடுவே அதன் சிவப்பு விளக்கு சுற்றுவது வெர்லினுக்கு வீட்டு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அவர் மார்வாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் நகர்ந்தபோது மார்வா இல்லை. அடுத்த வாரம் வெர்லின் வழக்கம்போலச் சந்தைக்கு வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், ஒரு மாட்டுக்கும் தொப்பியைத் தொடவில்லை. அன்று ஏலம் முடிந்ததும் போய் மாநிலச் சட்டமன்றத்துக்கு வேட்புமனு கொடுத்தேன்.

தேர்தலுக்குப் பணம் வேண்டுமே. என்னை எதிர்த்து நின்றவருக்கு நெடுஞ்சாலை முழுக்க விளம்பரப் பலகை, எல்லாவற்றிலும் அவருடைய பற்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் பணம் சேர்த்தேன். எங்கள் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் கேக் ஏலம் விட்டேன். ஊர்ப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த கேக்குகளை, உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்த அவர்கள் புருஷன்மார்களுக்கே விற்றேன். "பன்னிரண்டு டாலரா? இந்த கேக்குக்கா? டார்லீன், உன் புருஷன் உன்னை எவ்வளவு மட்டமா நினைக்கறான் பாரு!" என்று சொன்னால் போதும், அறுபதுக்குப் போகும்.

அன்று வெர்லினும் ஒரு கேக் கொண்டுவந்திருந்தார். மார்வாவின் தோட்டத்து ருபார்ப் செடியின் புளிப்புத் தண்டைப் போட்டு அவரே சுட்டது. அடி கருகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதை நான் தூக்கிக் காட்டியதும் யாரோ இரக்கப்பட்டு இருபது கேட்டார். வெர்லின் தொப்பியைத் தொட்டார். மறுபடி யாரோ கேட்டார், மறுபடி தொட்டார். தன் கேக்கைத் தானே ஐந்நூறு டாலருக்கு ஏலம் எடுத்தார்.

"ஏன் வெர்லின், சொந்தக் கேக்கை யாராவது விலைக்கு வாங்குவாங்களா?" என்று பிறகு கேட்டேன்.

"அவ வச்ச செடி. கண்டவனும் திங்கறதுக்கா?" என்றார். கேக்கைத் தாளில் சுற்றிக்கொண்டே, "பணம் உனக்குத்தான். அந்தப் பக்கம் நிக்கற விளக்கை இந்தப் பக்கம் கொண்டா, போதும்" என்றார்.

எனக்கு வந்த பணத்திலேயே பெரிய தொகை அதுதான். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது எங்கள் மாநிலத்தில் ரகசியமே இல்லை. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். என் பெயரைத் தட்டினால் 'வெர்லின் ஸ்கார், விவசாயி, ஐந்நூறு' என்று முதலில் வரும். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான். நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தேன்.

ஜெயித்த மறுவாரம் ரயில் கம்பெனியின் ஆள் பிரெண்ட் காலவே சந்தைக்கு வந்தார். நல்ல மனிதர், நல்ல ஷூ, அதைச் சாணியில் வைக்கத் தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். சட்டமன்றம் கூடும்போதெல்லாம் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசுவதுதான் அவருடைய வேலை.

"வாழ்த்துகள் ஆர்லிஸ். ஜெயிச்ச எல்லாருக்கும் எங்க கம்பெனி சின்னதா ஒரு தொகை குடுக்கும். தேர்தல் கடன் கிடன் இருக்குமில்ல?" என்று ஒரு செக்கை நீட்டினார்.

"கடன் இல்லீங்க. கேக்லயே முடிஞ்சுபோச்சு."

"இதுக்குப் பதிலா நாங்க எதுவும் கேக்க மாட்டோம்."

"எங்க சந்தையில எவனாவது தீவனத்துக்குப் பணம் கட்டினா, எந்தக் கன்னுக்குட்டின்னு கேக்காம போனதே இல்லையே பிரெண்ட்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். செக் திரும்ப அவர் பைக்குப் போனது.

என் முதல் யோசனை எல்லாருக்கும் வரும் யோசனைதான். கிராசிங்கை மறித்து நிற்கிற ரயிலுக்கு அபராதம் போடுவது. தலைநகரில் மசோதா எழுதித் தருகிற வக்கீல் அம்மா அதைக் கேட்டுத் தலையில் கையை வைத்தார். "மேடம், ரயிலை நகரச் சொல்ற அதிகாரம் வாஷிங்டனுக்கு மட்டும்தான். நாம சொன்னா கோர்ட்டுல கிழிச்சுப் போட்டுருவாங்க." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அறைக்குத் திரும்பி ஒரு பாத்திரம் சூப்பையும் தனியாகக் குடித்தேன். குடித்து முடித்தபோது புத்தி வந்தது. முரட்டுக் காளை ஒன்று சந்தை வாசலை அடைத்துக்கொண்டு படுத்தால் அதோடு நாங்கள் மல்லுக்கட்ட மாட்டோம். வேலியை வேறு இடத்தில் திறப்போம்.

மறுநாள் எழுதிய மசோதா இதுதான்: ரயில் பாதை வெட்டிப் போகிற ஒவ்வொரு ஊரிலும் பாதையின் மறுபக்கத்தில் இன்னொரு ஆம்புலன்ஸ். அதற்குப் பணம், ரயில் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஏற்கெனவே கட்டும் வரியிலிருந்து ஒரு சின்னப் பங்கு. புதிய வரி கிடையாது. ரயிலை நகரச் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது.

பிரெண்ட் என்னைக் காபிக் கடையில் பிடித்தார். "இன்னைக்கு ஆம்புலன்ஸும்பீங்க, நாளைக்கு மேம்பாலம்பீங்க" என்றார்.

"ஆமா, கேப்பேன்" என்றேன்.

மசோதாவை முதலில் ஆராயும் சட்டமன்றக் குழுவில் அது சுலபமாகத் தேறியது. காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? எதிர்க்க நினைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. விலை கேட்காமல் கடைசி வரை உட்கார்ந்திருப்பவன்தான் சந்தையில் ஆபத்தானவன்.

எங்கள் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த உறுப்பினரின் முதல் மசோதா வரும்போது எல்லாரும் சேர்ந்து அவரை ஓட்டுவார்கள். கிறுக்குக் கேள்வியாகக் கேட்பார்கள். பிறகு வாக்கெடுப்பு. ஒவ்வொருவர் மேஜையிலும் இரண்டு பொத்தான், பச்சையும் சிவப்பும். அழுத்தினால் முன்சுவரில் இருக்கும் பெரிய பலகையில் பெயருக்கு நேரே விளக்கு எரியும். எல்லாரும் சிவப்பை அழுத்துவார்கள். புதியவரின் முகம் வெளுக்கும். அவையே குலுங்கிச் சிரிக்கும். சபாநாயகர் "எல்லாரும் போட்டாச்சா? மாத்தறவங்க மாத்திக்கலாம்" என்று கேட்டதும் சிவப்பெல்லாம் பச்சையாகும். அதன் பிறகுதான் சுத்தியல் விழும். என் மசோதாவுக்கு முந்தின வாரம், பல் டாக்டரான ஒரு புது உறுப்பினரின் மசோதாவுக்கு இப்படிச் செய்தபோது அந்த மனிதர் நாற்காலியில் சரிந்தே விட்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவர் என் பக்கத்து மேஜைக்காரர் டெல்மர் வோகல். பன்றிப் பண்ணைக்காரர், பலமுறை ஜெயித்தவர். வாய் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும்.

"இன்னைக்கு உன் முறை தாயி. தண்ணி கிண்ணி குடிச்சு வச்சுக்கோ" என்றார் அன்று காலை.

"எத்தனை காளையைப் பார்த்தவ நான். பன்னிக்கா பயப்படுவேன்?" என்றேன்.

அன்று வெர்லின் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். மாடியில் பார்வையாளர் வரிசையின் மூலையில் உட்கார்ந்தார். அங்கே தொப்பி போடக் கூடாது என்று காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். தொப்பியில்லாத வெர்லினை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நெற்றியின் மேல்பாதி பால் வெள்ளை, கீழ்பாதி வெயிலில் வெந்த நிறம். முன்தினம் போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "மார்வா பேரை அங்க எடுக்காதே. பாவம் பார்த்துப் போடற ஓட்டு எனக்கு வேண்டாம்." சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதே மாடியில் இன்னொரு பக்கம் பிரெண்ட் காலவே. எங்கள் சபாநாயகர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கெர்மிட் ஸ்ட்ராண்ட். அவருடைய பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் முதலில் வருவது ரயில் கம்பெனி.

டெல்மர் எழுந்து ஆரம்பித்தார். "உறுப்பினர் இந்த ஆம்புலன்ஸைக் கடையில வாங்குவாங்களா, ஏலத்துல எடுப்பாங்களா?"

"கடையிலதாங்க. ஏலத்துல விட்டா நீங்க தலையைச் சொறிஞ்சே வாங்கிடுவீங்க."

"மாட்டுக்கு நெஞ்சு வலி வந்தா ஏத்துவாங்களா?" இது பின்வரிசை.

"மாடு உங்களுக்கு ஓட்டுப் போட்டிருந்தா கண்டிப்பா ஏத்துவோம். அதுக்கு மூளையிலயும் ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

அவை சிரித்தது. மணி அடித்தது, வாக்கெடுப்பு தொடங்கியது. நான் பச்சையை அழுத்தினேன். பலகையில் என் ஒரு விளக்கு மட்டும் பச்சை, மற்ற தொண்ணூற்று மூன்றும் சிவப்பு. வழக்கம் கெடக் கூடாதே என்று கன்னத்தில் கையை வைத்து வாயைப் பிளந்தேன்.

"பாருங்கடா, ஏலக்காரிக்கே பேச்சு நின்னுபோச்சு!" என்று டெல்மர் மேஜையைத் தட்டினார்.

நான் கெர்மிட்டைப் பார்த்தேன், பழக்க தோஷம். சுத்தியல் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தானே எனக்குப் பழக்கம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்ட என் முகத்தைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தார், பிரெண்ட் இருந்த பக்கம். எல்லாரும் போட்டாச்சா என்று அவர் கேட்கவில்லை. அவருடைய வலது தோள் எழும்பியது.

என் மூளைக்கு முன்னால் என் விரல் ஓடியது. சிவப்பை அழுத்தினேன். சுத்தியல் விழுந்தது.

ஏன் சிவப்பு என்று கேட்பீர்கள். ஏலத்துக்கு முன் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் படிப்பது என் தொழில். அவைக்கு வந்த முதல் வாரமே விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டேன். தோற்ற மசோதாவை மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் அதைக் கேட்க முடியும். மசோதா தோற்றால் ஜெயித்த பக்கம் சிவப்பு. பச்சையில் இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. மறுபடி எடுக்கவே கூடாது என்று ஒருவர் அதற்குள் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டால், மசோதாவுக்குச் சவக்குழி மூடியாயிற்று. எங்கள் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் கூடும்.

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. டெல்மர் தன் பச்சைப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பலகை உறைந்துவிட்டது. "என்னய்யா இது? மாத்த விடலையே?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் முன்வரிசையில் கெர்மிட்டின் நண்பர் ஒருவர் எழுந்துவிட்டார். கையில் அந்தத் தீர்மானம், முன்கூட்டியே டைப் அடித்து வைத்த தாளில். விளையாட வந்தவன் தாளோடு வருவானா?

ஆனால் சுத்தியல் விழும்போதே நான் எழுந்துவிட்டிருந்தேன். ஒலிபெருக்கி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

"சபாநாயகர் அவர்களே! இந்த வாக்கெடுப்பை மறுபடி நடத்தணும்னு கேட்டுக்கறேன்!"

கெர்மிட் இரக்கத்தோடு புன்னகைத்தார். "உக்காருங்க ஆர்லிஸ். தோத்த பக்கம் இருக்கறவங்க அதைக் கேக்க முடியாது. புதுசில்ல, போகப்போக விதியெல்லாம் பழகிடும்."

"பழகிடுச்சுங்க. கொஞ்சம் பலகையைத் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். அவையே திரும்பியது. தொண்ணூற்று நான்கு சிவப்பு. ஒரு பச்சைகூட இல்லை.

"நீங்க... உங்க மசோதாவுக்கு நீங்களே எதிரா போட்டிருக்கீங்களா?"

"நீங்கள்லாம் சேர்ந்து விளையாடறப்போ நான் மட்டும் ஒதுங்கி நின்னா நல்லாவா இருக்கும்?"

முதலில் சிரித்தது அந்தப் பல் டாக்டர். பிறகு அவை முழுதும் வெடித்துச் சிரித்தது. ஆனால் டெல்மர் சிரிக்கவில்லை. அவர் எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் வழிமொழியறேன்" என்றார். "கெர்மிட், இந்தக் கூத்தை இத்தனை வருஷமா நான்தான் நடத்தறேன். ஒரு புள்ளைக்கும் இதால கெடுதல் வந்ததில்ல. சிரிக்கறதுக்கு வச்சதை எடுத்து நீ கழுத்தறுக்கறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

முன்வரிசைக்காரர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மறு வாக்கெடுப்பு வேண்டுமா என்று கேட்டபோது 'ஆம்' என்ற சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

இதோடு ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் உண்டு. நான் நினைக்கவில்லை. சத்தம் போடுவது வேறு, பெயருக்கு நேரே விளக்கு எரிவது வேறு. அந்த அவையில் பாதிப் பேர் ரயில் கம்பெனியின் செக்கை வாங்கியவர்கள். குழுவில் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கு இப்போது அருமையான சாக்கு கிடைத்திருந்தது. சிவப்பிலேயே இருந்துவிட்டு, 'விளையாட்டு கொஞ்சம் முத்திப்போச்சு' என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். முகங்களில் அந்தக் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. பேச இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். மாடியைப் பார்த்தேன். மார்வாவின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் பத்து ஓட்டாவது விழும். சொல்லவில்லை.

"எங்க சந்தைக்கு ஒருத்தர் வந்தாரு" என்று ஆரம்பித்தேன். பெண்டாட்டிக்குக் கை ஆட்டிக் காளை வாங்கியவன் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன்.

"அவரை நான் விடல. ஆனா உங்களுக்கு இன்னொரு தரம் தர்றேன். முன்ன போட்ட சிவப்பு விளையாட்டுன்னா இப்ப பச்சை போடுங்க. விளையாட்டு இல்லேன்னா தாராளமா சிவப்பையே வைங்க, அது உங்க உரிமை. ஆனா அப்புறம் அது விளையாட்டுன்னு எவரும் சொல்லக் கூடாது. ரயிலுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஜனங்ககிட்ட, நிஜமாத்தான் போட்டேன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். "இன்னொண்ணு சபாநாயகர் அவர்களே. இந்தத் தடவை கேட்டுட்டுத் தட்டுங்க."

மணி அடித்தது. தேவை நாற்பத்தெட்டு. டெல்மர் பொத்தானை உடைத்துவிடுவதுபோல் அழுத்தினார். பச்சை ஏறியது, சிவப்பும் ஏறியது. நாற்பத்தைந்தில் பச்சை நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் எதையும் அழுத்தாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரி முகங்கள் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ஏலத்திலும் அவர்கள் இருப்பார்கள். மாடு வேண்டும், பணமும் இருக்கும், முதலில் கை தூக்கத்தான் கூச்சம். பல் டாக்டர் டையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் செக் வாங்கியவர்தான். நான் அவரை மட்டும் பார்த்தேன். சந்தையில் பார்ப்பதுபோல, உலகத்தில் வேறு ஆளே இல்லை என்பதுபோலப் பார்த்து, மோவாயை ஒரு நூல் உயர்த்தினேன்.

"எல்லாரும் போட்டாச்சா?" என்றார் கெர்மிட். ஒரு தரம் என்று எண்ணிக்கொண்டேன்.

டாக்டர் டையை விட்டார். நாற்பத்தாறு. அவருக்குப் பின்னால் இருந்தவர் நாற்பத்தேழு.

"மாத்தறவங்க மாத்திக்கலாம்." இரண்டு தரம்.

சன்னலோரத்தில் ஒரு அம்மா, தன் ஊரிலும் நடுவே ரயில் போகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். நாற்பத்தெட்டு. அதற்கு மேல் யாராலும் பிடிக்க முடியவில்லை. ஜெயிக்கிற பக்கம் இருக்க எல்லாருக்கும் ஆசைதானே. ஐம்பதும் அறுபதும் கடந்தது. கடைசியாக ஒரு விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பார்த்தால், கெர்மிட் ஸ்ட்ராண்ட்.

"அடப்பாவி!" என்றார் டெல்மர், மைக்கை அணைக்காமலேயே.

மூன்று தரம். சுத்தியல் விழுந்தது.

அதற்குப் பிறகு மேல்சபையும் கவர்னரும் இருந்தார்கள். இரண்டையும் தாண்டினோம். அந்த ஆம்புலன்ஸ் இன்று என் சந்தைக்குப் பின்னால்தான் நிற்கிறது. பிரெண்டைப் பார்க்கும்போதெல்லாம் மேம்பாலத்தைப் பற்றிக் கேட்கிறேன். அடுத்த தேர்தலுக்குக் கேக் ஏலத்தையும் அறிவித்துவிட்டேன். எனக்கு எதிராக யார் நின்றாலும் நிற்கட்டும்.

ஆனால் அன்று அந்த நிமிஷம் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது நான் மாடி மூலையைத் தேடினேன். வெர்லின் எழுந்து நின்றிருந்தார். பார்வையாளர்கள் கைதட்டக் கூடாது என்பது விதி, அவர் விதியை மீறுகிறவர் இல்லை. அவருடைய கை மெதுவாக நெற்றிக்குப் போனது. அங்கே தொப்பி இல்லை. தொப்பி விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தை, வெள்ளையும் வெயிலும் சேர்கிற அந்தக் கோட்டை, ஒரு விரலால் தொட்டார். மார்வா போன பிறகு அவர் எதற்காகவாவது அப்படித் தொட்டது அந்தக் கேக்குக்கு மட்டும்தான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. மேஜையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். உன்னுடையது, எடுத்துக்கொண்டு போ என்று எங்கள் சந்தையில் அதற்கு அர்த்தம்.